எந்த மேசையில் காசு நிற்கும்?

போக்கரில் எந்த வகை ஆட்டம் காசு தரும் என்ற கேள்வி மதுரையில் வரிக்கணக்கு எழுதிப் பிழைக்கும் என்னிடம் வருவதற்குக் காரணம், ஜூலை மாதம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு நெருங்குகிறபோது, வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டு ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறப்பேன். சில ஆண்டுகளாகவே இளைஞர்கள் பலருடைய அறிக்கையில், ஆன்லைன் விளையாட்டில் வென்ற தொகை என்று ஒரு வரி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார்" என்ற வேண்டுகோள் முதலில் வரும். எதை ஆடினால் அதிகம் மிஞ்சும் என்ற சந்தேகம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்.

சுருக்கமான பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை மட்டும் பார்த்தால், நேரில் உட்கார்ந்து சின்னப் பந்தயத்தில் ஆடும் டெக்சாஸ் ஹோல்டெம் ரொக்க ஆட்டம்தான் மேல். (ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுத்து, மேசையில் விரிக்கும் பொதுச் சீட்டுகளோடு சேர்த்து ஆடும் போக்கர் வகை ஹோல்டெம். இருக்கும் பணத்தோடு எப்போது வேண்டுமானாலும் எழக்கூடியது ரொக்க ஆட்டம்.) வீட்டுக்கு வந்துசேரும் பணத்தைப் பார்த்தால், இன்றைய தேதியில் மதுரைக்காரருக்கு எதுவுமே தேறாது. இரண்டுக்கும் நடுவில் பணம் எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என் அண்ணன் மகன் இலந்தைக்குளத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறான். அப்பாவிடம் மறைக்கிற ரகம் இல்லை. தேதி, ஆட்ட வகை, உட்கார்ந்த நேரம், கட்டிய பணம், எடுத்த பணம் என்று எக்செல் தாளில் ஒழுங்காக எழுதிவைத்திருந்தான். மடிக்கணினியை என் மேசையில் விரித்துவைத்து, "ரொக்க ஆட்டத்தில் ஏதோ கொஞ்சம்தான் சித்தப்பா. டோர்னமென்ட் பத்தியைப் பாருங்கள்" என்றான். பச்சை நிறத்தில் நல்ல தொகை. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் வரிசையை மட்டும் மறைத்துவிட்டுக் கூட்டச் சொன்னேன். பத்தி சிவப்பாகிவிட்டது. "அதை ஏன் மறைக்க வேண்டும்? அதுவும் நான் ஜெயித்ததுதானே?" என்று கோபித்துக்கொண்டான். நியாயமான கோபம். அவனுக்கு அன்று வாயால் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

காதுகுத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போன இடத்தில் விடிய விடிய ரம்மி ஆடிப் பழகியவர்கள் நாம். அங்கே ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுப்பார். மொத்தப் பணம் ஜமுக்காளத்தை விட்டு வெளியே போகாது. போக்கர் மேசையில் போகும். ஒவ்வொரு கை, அதாவது ஒரு சுற்றுச் சீட்டு, முடியும்போதும் நடுவில் சேர்ந்த பணத்திலிருந்து ('பாட்' என்பார்கள்), சீட்டு போடும் டீலர் ஒரு சில்லையோ இரண்டு சில்லையோ (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) ஒதுக்கி, தன் பக்கத்தில் மேசையில் வெட்டியிருக்கும் துளைக்குள் தள்ளிவிடுவார். ஜெயித்தவர் சில்லுகளை வாரிக்கொண்டிருப்பார், தோற்றவர் சீட்டை வெறித்துக்கொண்டிருப்பார். துளையை ஒருவரும் பார்ப்பதில்லை. அதற்குப் பெயர் ரேக். பெரும்பாலும் பாட் தொகையில் 5 சதவீதம், இவ்வளவுக்கு மேல் எடுப்பதில்லை என்று ஓர் உச்சவரம்பு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறினாலும் இறங்கினாலும் கமிஷன் கடைக்காரருக்குக் கமிஷன் வந்துவிடும் அல்லவா, அதே தொழில்தான் இதுவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளைண்ட் 50, 100 என்று வைத்துக்கொள்வோம். சீட்டு போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்தான் பிளைண்ட்; இங்கே 100 என்பது பெரிய பிளைண்ட். நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 30 கைகள் வரை போகும். கைக்குச் சராசரியாக 60 ரூபாய் ரேக் போனால் மணிக்கு 1,800. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் நாற்காலி ஒன்றுக்கு மணிக்கு 200 ரூபாய் வாடகை. எல்லோரும் சமமான திறமைசாலிகள் என்றால் எல்லோருமே மணிக்கு 200 ரூபாய் இழந்துகொண்டிருக்கிறார்கள். இதைத் தாண்டி ஒருவருக்கு லாபம் வர வேண்டுமானால், மேசையில் இரண்டு மூன்று பேராவது மோசமாக ஆட வேண்டும். எனவே ஆட்ட வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது எதிரில் இருப்பவர்களை. சின்னப் பந்தய நேரடி மேசையின் சிறப்பு இதுதான்: சுற்றுலாவுக்கு வந்தவர், நண்பர்களோடு கூத்தடிக்க வந்தவர், எந்தச் சீட்டு வந்தாலும் போட்டுப் பார்ப்போம் என்று பணத்தை நகர்த்துகிறவர், எல்லாம் போனதும் பர்ஸை எடுத்து மறுபடி சில்லு வாங்குகிறவர், எல்லோரும் அங்கே இருப்பார்கள். இவர்கள் எழுந்து போய்விட்டால் நாமும் எழுந்துவிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை. செய்வதற்குத்தான் மனம் வராது.

ரொக்க ஆட்டத்தின் இன்னொரு வசதி, எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்பது. சில்லு ஒன்றின் மதிப்பு எப்போதும் அதே ரூபாய்தான். ஆனால் பொறுமை வேண்டும். இருப்பதிலேயே நல்ல சீட்டான இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறைதான் வரும். மணிக்கு 30 கை என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அப்படி வந்த ஏஸும், எதிரில் இரண்டு ராஜா வைத்திருப்பவரிடம் ஐந்துக்கு ஒரு முறை தோற்கும்.

நான் திறமைசாலியா இல்லையா என்பதே தெரிவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நூறு கைகளுக்கு ஐந்து பெரிய பிளைண்ட் லாபம் எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் நூறு கைகளில் ஏற்ற இறக்கம் தொண்ணூறு பெரிய பிளைண்ட் அளவுக்கு இருக்கும். புள்ளியியல் கணக்குப்படி, இவ்வளவு நன்றாக ஆடுபவரும் 10,000 கைகள் முடிந்த பிறகு நஷ்டத்தில் நிற்பதற்குப் பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு லட்சம் கைகள் ஆடினால்தான் அது நூற்றுக்கு நாலாகக் குறையும். நேரடி மேசையில் ஒரு லட்சம் கை என்பது, தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் ஆண்டுக்கும் மேல். அதுவரை ஜெயிப்பவருக்குத் தான் தோற்பவன் என்று தோன்றலாம். தோற்பவருக்குத் தான் மேதை என்று தோன்றலாம். இரண்டாவது வகையினர்தான் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள்.

டோர்னமென்டுக்கு வருவோம், அண்ணன் மகனின் பச்சைப் பத்திக்கு. நுழைவுக் கட்டணம் கட்டுகிறோம், எல்லோருக்கும் ஒரே அளவு சில்லு, பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும், சில்லு தீர்ந்தால் வெளியே. வந்தவர்களில் ஏழில் ஒரு பங்குக்குப் பரிசு உண்டு என்றாலும், கடைசிப் பரிசுகள் கட்டிய பணத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதல். பெரும்பகுதியை முதல் சில இடங்கள் கொண்டுபோய்விடும். நன்றாக ஆடுபவர் ஆறு போட்டிக்கு ஒன்றில் பரிசு எட்டுகிறார் என்று வைத்துக்கொண்டாலும், அவர் தொடர்ந்து பத்துப் போட்டிகளில் வெறுங்கையோடு எழுவதற்கும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் ரொக்க ஆட்டத்துக்கு ஒரு முறை கட்டும் தொகையைப் போல முப்பது நாற்பது மடங்கு கையிருப்பு போதும் என்பவர்கள், டோர்னமென்டுக்கு நூறு, இருநூறு மடங்கு வேண்டும் என்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் டோர்னமென்ட்தான் ஆளை இழுக்கிறது. காரணம் கிறிஸ் மணிமேக்கர். 2003ல் 86 டாலர் கட்டி இணையத் தகுதிச் சுற்றில் ஜெயித்து, 839 பேர் ஆடிய உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போய், 25 லட்சம் டாலரோடு திரும்பினார். தொழிலால் கணக்கர். என் இனம். மூன்றே ஆண்டில் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். அவர்களில் எத்தனை கணக்கர்கள் தங்கள் கணக்கை மறந்தார்களோ தெரியாது.

அண்ணன் மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பொய் இல்லை. ஆனால் அவனுடைய தாள் முழுவதும் அந்த ஒரு நாளின் தோளில் நிற்கிறது. அப்படி ஒரு நாள் அடுத்து எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாத ஒன்றை வருமானம் என்று எழுத என் பேனா வராது. ரொக்க ஆட்டப் பத்தியில் இருந்த அந்தக் கொஞ்சம்தான், பல இரவுகளில் சிந்திச் சிதறிச் சேர்ந்தது. அதில்தான் அவனுடைய ஆட்டம் தெரிந்தது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிட் அண்ட் கோ என்பது ஒற்றை மேசை டோர்னமென்ட். ஒன்பது பேரில் மூவருக்கு 50, 30, 20 சதவீதம் என்பது வழக்கமான பங்கீடு. மேசையின் மொத்தச் சில்லையும் வாரினாலும் கிடைப்பது பாதிப் பணம்தான் என்பதால், முதலில் கையில் இருக்கும் சில்லுக்கு மதிப்பு அதிகம், பிறகு சேர்க்கும் சில்லுக்கு மதிப்பு குறைவு. இந்த நுணுக்கம் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் நன்றாகவே சம்பாதித்தார்கள். பிறகு கணினி மென்பொருள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. கட்டணத்தைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். மூன்று பேர் ஆடும் 'ஸ்பின்' வகையோ பச்சை லாட்டரி. பரிசுத் தொகையைச் சக்கரம் சுற்றித் தீர்மானிக்கிறார்கள். மூவர் தலா 100 ரூபாய் கட்டினால் பெரும்பாலும் 200 ரூபாய்தான் பரிசு. மீதி, எப்போதோ ஒருவருக்கு விழப்போகும் பெரிய பரிசுக்குள் பூட்டப்பட்டிருக்கும். கணக்குத் தெரிந்தவர் இதில் உட்காரக் கூடாது.

ஒமாஹாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் நாட்டு மேசைகளில் அதற்குத் தனி மோகம். ஹோல்டெமில் இரண்டு சீட்டு, 1,326 தொடக்கச் சேர்க்கைகள். ஒமாஹாவில் நான்கு சீட்டு, 2,70,725 சேர்க்கைகள். நான்கு சீட்டு வந்ததும் எல்லோருக்கும் தன் கை நல்ல கை என்றே தோன்றும். அதனால் எல்லோரும் பணம் வைப்பார்கள். மோசமாக ஆடுபவர்கள் நிறைந்த மேசை வேண்டும் என்றேனே, அது இங்கே கிடைக்கும். ஆனால் நல்ல கைக்கும் சுமாரான கைக்கும் உள்ள தூரம் குறைவு. ஹோல்டெமில் எண்பதுக்கு இருபது என்று இருக்கும் சாதகம், இங்கே அறுபதுக்கு நாற்பதாகச் சுருங்கிவிடும். பாட் பெரிதாவதால் ரேக்கும் உச்சவரம்பை அடிக்கடி தொடும். ஏற்ற இறக்கம் ஹோல்டெமைப் போல ஒன்றரை மடங்கு. கையிருப்பு பெரிதாக உள்ளவருக்கு இது நல்ல வயல். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆடுபவரை ஒரே இரவில் துடைத்துவிடும். ஐந்து சீட்டு ஒமாஹா என்று இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, பெருமூச்சைத் தவிர.

இனி சட்டம். ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. போக்கருக்கு அப்படி ஒரே குரல் அமையவில்லை. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்டத்திலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017ல் அது சூதாட்டமே என்றது. இங்கே ஒத்தக்கடைக்கு அருகில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையில் 2020 ஜூலையில், சீட்டாடியதாகப் போலீஸ் போட்ட வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தபோது, ஆன்லைன் ரம்மியை முறைப்படுத்தச் சட்டம் தேவை என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. பிறகு தமிழக அரசு தடை கொண்டுவந்தது, 2021ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2022ல் புதிய சட்டம், 2023 நவம்பரில் அதிலிருந்து ரம்மியையும் போக்கரையும் மட்டும் நீதிமன்றம் விடுவித்தது. 2025ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்ற விதி வந்தது. இதில் அடிபட்டது டோர்னமென்ட். ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கும் பெரிய போட்டி விடியும் நேரத்தில்தான் முடியும். பரிசு கிடைக்கும் கட்டத்தில் கடையை மூடு என்றால் அப்புறம் என்ன போட்டி?

அந்த வாதத்துக்கும் ஆயுள் நீளவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே இல்லாமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்; விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும் தனித்தனித் தண்டனை. உள்நாட்டு நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அண்ணன் மகனின் எக்செல் தாளும் அந்த மாதத்தோடு நின்றது.

இப்போது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஏஜென்டுகள் வருகிறார்கள். தனியார் கிளப் செயலி, இந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பினால் சில்லு ஏற்றித் தருகிறோம் என்பார்கள். சட்டவிரோதம் என்பது ஒருபக்கம். யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகிறது, அந்தக் கணக்கு ஏதாவது மோசடிப் புகாரில் சிக்கினால் அதோடு தொடர்புடைய கணக்குகளும் முடக்கப்படும். சம்பளக் கணக்கு முடங்கி, இரு சக்கர வாகனக் கடன் தவணை திரும்பி வந்த பிறகு ஆலோசனை கேட்க வந்தவர்களை எனக்குத் தெரியும். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பது மனிதரா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2017ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்தது. 2019ல் ஆறு பேர் மேசையையும் அதன் அடுத்த தலைமுறை வென்றது.

அப்படியானால் மிச்சம், நேரடி மேசை. கோவாவில் மண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்கள், அல்லது மதுரையிலிருந்து விமானத்தில் ஏறினால் சீக்கிரமே போய் இறங்கிவிடக்கூடிய கொழும்பு. "கொழும்பில் ஜெயித்தால் இங்கே வரி கிடையாதுதானே?" என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் வசிப்பவருக்கு உலகில் எங்கே கிடைத்த வருமானமும் இங்கே கணக்குக்கு வரும்.

வரியில்தான் ஆட்ட வகைகளின் வேறுபாடு உண்மையில் உறைக்கும். சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். வருமானம் குறைவு என்று அடிப்படை விலக்கு கேட்க முடியாது, செலவைக் கழிக்க முடியாது, தோற்றதை ஈடுகட்டவும் முடியாது. தடைக்கு முன்னால் ஆன்லைன் ஆட்டத்துக்கு ஒரு சலுகை இருந்தது: 2023 ஏப்ரல் முதல், அந்தக் கணக்கில் ஆண்டு முழுவதும் போட்டதையும் எடுத்ததையும் கழித்துப் பார்த்து நிகரத் தொகைக்குத்தான் வரி பிடித்தார்கள். (அதே ஆண்டு அக்டோபரில் போடும் பணத்தின் மீது 28 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சலுகையின் ருசி போய்விட்டது. 10,000 ரூபாய் போட்டால் வரி போக 7,812 ரூபாய்தான். நிறுவனங்கள் போனஸ் கொடுத்து அந்தக் குழியைக் கொஞ்ச காலம் மூடிவைத்தன.) நேரடி ஆட்டத்துக்கு இந்த நிகரக் கணக்கு கிடையாது. ஓர் ஆண்டில் இரண்டரை லட்சம் ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டி, ஒரு போட்டியில் மூன்று லட்சம் ஜெயித்தவர் 50,000 ரூபாய் லாபத்தில் இருப்பதாக நினைப்பார். அவர் கட்ட வேண்டிய வரி 93,600. உண்மையில் 43,600 ரூபாய் நஷ்டம். டோர்னமென்ட் பிரியர்கள் இதை நம்ப மறுத்து என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். சட்டப் பிரிவைத் திறந்து காட்டிய பிறகு வேறு ஆடிட்டரைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

நான் முதலிலேயே மேல் என்று சொன்ன ரொக்க ஆட்டத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். 50, 100 பிளைண்ட் மேசை. ரேக் போக மணிக்கு ஆறு பெரிய பிளைண்ட், அதாவது 600 ரூபாய் எடுக்கக்கூடிய நல்ல ஆட்டக்காரர். நான்கு நாள், தினம் எட்டு மணி நேரம். எதிர்பார்க்கும் லாபம் 19,200 ரூபாய். ஏற்ற இறக்கம் சுமார் 28,000 என்பதால், நான்கு நாள் முடிவில் நஷ்டத்தோடு கிளம்ப நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதிர்ஷ்டம் ஒழுங்காக நடந்துகொண்டு, சரியாக 19,200 கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். அது தினமும் 4,800 என்று வராது. முதல் நாள் 30,000 வரவு, மறுநாள் 20,000 இழப்பு, மூன்றாம் நாள் 25,000 வரவு, கடைசி நாள் 15,800 இழப்பு என்றுதான் வரும். ஒரு நாளை ஓர் அலகாக எடுத்து, அந்த நாளுக்குள் போட்டதைக் கழித்துப் பார்ப்பதே தாராளம். அந்தத் தாராளத்தையும் கொடுத்துவிடுகிறேன். வரி விழுவது ஜெயித்த இரண்டு நாளின் 55,000 ரூபாய்க்கு. செஸ்ஸோடு சேர்த்து 17,160. கையில் நிற்பது 2,040 ரூபாய். இதில் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு எதையும் நான் இன்னும் தொடவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோக்களுக்கு 28லிருந்து 40 சதவீதமாக உயர்ந்த ஜிஎஸ்டியையும் சேர்க்கவில்லை. அது ஏதாவது ஒரு வடிவத்தில் ஆடுபவர் தலையில்தான் இறங்கும்.

அண்ணன் மகன் இந்தக் கணக்கைத் தன் தாளிலேயே போட்டுப் பார்த்தான். நண்பர்களோடு பொங்கல் விடுமுறைக்குக் கோவா போகிறான். மேசையில் உட்காரும் பணத்தைச் சுற்றுலாச் செலவு என்ற தலைப்பில் எழுதியிருக்கிறான். ஒமாஹா பக்கம் போக மாட்டேன் சித்தப்பா என்று மட்டும் சொன்னான்.